ட்ரைவையே காணோம், இதுல அப்டேட் வேறயா?

(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: டெஸ்க்டாப்ல ஒரு என்விஎம்இ (வேகமான புது வகை இணைப்பு) எஸ்எஸ்டி, ரெண்டு சாட்டா (பழைய வகை இணைப்பு) ஹார்ட் டிஸ்க் போட்டிருக்கேன். மதர்போர்டுக்குப் புது பயாஸ் (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடற போர்டோட சாஃப்ட்வேர்) வந்திருக்கு, போடறதுக்கு முன்னாடி இருக்கற செட்டிங்கை எல்லாம் குறிச்சு வெச்சுக்கலாம்னு உள்ள போனா, ட்ரைவ் ஏஎச்சிஐயா (ஒவ்வொண்ணையும் தனித்தனியா பார்க்கற சாதா மோட்) ரெய்டான்னு (பல டிஸ்கை ஒண்ணா சேர்க்கற மோட்) காட்டற வரியே இல்லை. இதை விளக்கற வீடியோல காட்டற எடத்துல எனக்கு வேற என்னமோ இருக்கு. ஆனா விண்டோஸ் ஒழுங்கா ஓடுது. அப்டேட் பண்ணா அந்த மெனு திரும்ப வந்துடுமா சார்?

பதில்: வரலாம், வராமலும் போகலாம், ஆனா அதுக்காக அப்டேட் பண்ணாதீங்க. குறிச்சு வெச்சுக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதுவே பாதி வேலை. நிறைய பேர் அப்டேட் முடிஞ்சு நீல ஸ்க்ரீன் வந்ததுக்கு அப்புறம்தான் "முன்னாடி என்ன இருந்துச்சு"ன்னு யோசிக்கவே ஆரம்பிக்கறாங்க.

விண்டோஸ் ஓடுதுன்னா ட்ரைவ் பயாஸுக்குத் தெரியுதுன்னு அர்த்தம், அதுல சந்தேகமே வேண்டாம். காணாம போனது ட்ரைவ் இல்ல, மெனுதான். அது ஒளிஞ்சுக்கற எடம் ரொம்ப இல்லை.

முதல்ல, நீங்க ஈஸி மோட்ல நிக்கறீங்களான்னு பாருங்க. பெரிய எழுத்துல சிபியு சூடு, ஃபேன் வேகம், மெமரி அளவுன்னு அழகா காட்டற பக்கம் இருக்கே, அதுல ட்ரைவ் பேரு மட்டும்தான் வரும், மோட் வராது. ஏசுஸ், எம்எஸ்ஐ போர்டுல எஃப்7, கிகாபைட்ல எஃப்2, ஏஎஸ்ராக்ல எஃப்6 அமுக்கினா அட்வான்ஸ்டு மோடுக்குப் போயிடும். ஏசுஸ்ல எஃப்9 அமுக்கி பேரைத் தேடவே செய்யலாம், தோண்டிக்கிட்டு இருக்க வேண்டாம்.

ரெண்டாவது, பயாஸுக்கு அட்மின் பாஸ்வேர்ட் போட்டிருக்காங்களா? பாஸ்வேர்ட் கொடுக்காம உள்ள போனா சில வரி சாம்பல் கலர்ல மங்கிக் கிடக்கும், கர்சர் அதைத் தாண்டிக் குதிச்சு அடுத்த வரிக்குப் போயிடும், சில வரி கண்ணுலயே படாது. ஆபீஸ்ல இருந்து வாங்கின பழைய மெஷின்ல இது சகஜம்.

மூணாவதுதான் உங்க கேஸா இருக்கும்னு எனக்குப் படுது. இன்டெல் 11-வது தலைமுறையில இருந்து சாதாரண கம்ப்யூட்டர்லயும் விஎம்டின்னு ஒண்ணு வந்திருக்கு. அது ஆன்ல இருந்தா வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி, உள்ள இருக்கற என்விஎம்இ ட்ரைவை யாரும் நேரா பார்க்க முடியாது, எல்லாம் அவர் வழியாத்தான். புது இன்டெல் போர்டுகள்ல ரெய்ட் போடறதும் இது வழியாத்தான், அதனால பழைய வீடியோல காட்டற "சாட்டா மோட்" வரி அந்த எடத்துல இருக்காது, "விஎம்டி செட்டப் மெனு"ன்னு வேற எங்கயோ இருக்கும், ஏசுஸ்ல சிஸ்டம் ஏஜென்ட் கான்ஃபிகரேஷனுக்குள்ள. ஏஎம்டி போர்டா இருந்தா விஎம்டி பேச்சே கிடையாது, அங்க சாட்டா மோட் தனியா, என்விஎம்இ ரெய்ட் தனியா ரெண்டு வரி இருக்கும். லேப்டாப்ல இன்னும் கூத்து. ஏசர் லேப்டாப் நிறையதுல மெயின் பக்கத்துல கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்கினாத்தான் அந்த விஎம்டி வரி வெளியவே வரும், எங்கயும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க.

இவ்ளோ தேடியும் கிடைக்கலைன்னா பயாஸை விட்டுட்டு விண்டோஸ்கிட்டயே கேளுங்க. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுல "டிவைசஸ் பை கனெக்ஷன்"னு மாத்துங்க. உங்க டிஸ்க் எந்த கன்ட்ரோலருக்குக் கீழ தொங்குதுன்னு கிளை கிளையா காட்டும். "ஸ்டாண்டர்ட் சாட்டா ஏஎச்சிஐ கன்ட்ரோலர்", "ஸ்டாண்டர்ட் என்விஎம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர்"னு இருந்தா நீங்க சாதா மோட்ல இருக்கீங்க. "இன்டெல் ஆர்எஸ்டி"ன்னோ (இன்டெல்லோட ரெய்ட் ட்ரைவர்) "விஎம்டி"ன்னோ "ரெய்ட்"னோ பேர்ல எங்கயாவது வந்தா அந்த மோட்லதான் உங்க விண்டோஸ் இன்ஸ்டால் ஆகியிருக்கு. இந்த ஒரு வரிதாங்க மொத்த விஷயமும். இது தெரியாம அப்டேட் பட்டனைத் தொடாதீங்க, ஏன்னா அப்டேட் ஆனதும் பயாஸ் பொதுவா எல்லாத்தையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டு போயிடும், அந்த டிஃபால்ட் உங்க விண்டோஸ் இன்ஸ்டால் ஆன மோட்டா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

அப்புறம் போனை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்க, ஸ்டோரேஜ், பூட், சிஎஸ்எம், செக்யூர் பூட், டிபிஎம், மெமரி எக்ஸ்எம்பி, விர்ச்சுவலைசேஷன் எல்லாம். பயாஸ்லயே "சேவ் ப்ரொஃபைல்" இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு, ஆனா ஒரு வெர்ஷன்ல சேவ் பண்ண ப்ரொஃபைலை அடுத்த வெர்ஷன் பல தடவை ஏத்துக்காது. போட்டோவுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

கேள்வி: உங்களுக்கு முன்னாடியே எழுதியிருக்கணும் சார், இப்ப அப்டேட் பண்ணிட்டேன். விண்டோஸ் லோகோ வருது, சுத்துது, உடனே நீல ஸ்க்ரீன், "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்"னு. ட்ரைவ் போச்சா? விண்டோஸை ரீசெட் பண்ணச் சொல்லி அதுவே கேட்குது.

பதில்: ட்ரைவ் போகலை. போயிருந்தா விண்டோஸ் லோகோவே வந்திருக்காது, அந்த லோகோ வரைக்கும் வர்றதுக்கான ஃபைல் எல்லாம் அதே ட்ரைவ்ல இருந்துதான் வருது. ரீசெட் பட்டனை மட்டும் தொட்டுடாதீங்க.

நடந்தது இதுதான். விண்டோஸ் தினமும் எந்த ஸ்டோரேஜ் ட்ரைவர்ல கிளம்புதோ அதை மட்டும் ரெடியா வெச்சுக்கிட்டு, தேவைப்படாததை பூட் நேரத்துல எழுப்பாம விட்டுடும், சீக்கிரம் கிளம்பணுமில்ல. நீங்க இத்தனை நாள் ரெய்ட்ல இருந்தீங்க, அப்டேட் வந்து ஏஎச்சிஐக்கு மாத்திடுச்சு, இல்ல நேர்மாறா. பூட்லோடர் பயாஸ் தயவுல படிச்சதால அது வரைக்கும் ஓடுச்சு, விண்டோஸ் தன் சொந்த ட்ரைவரை வெச்சு டிஸ்கைத் தொடப் போற நேரத்துல தெரிஞ்ச கன்ட்ரோலரைக் காணோம், நின்னுடுச்சு.

பயாஸுக்குள்ள போய் மோடைப் பழையபடி மாத்துங்க, எஃப்10 அமுக்கி சேவ் பண்ணுங்க. பழைய மோட் என்னன்னு ஞாபகம் இல்லைன்னா, இருக்கறதே ரெண்டு மூணுதான், ஒண்ணொண்ணா மாத்திப் பாருங்க, மாத்தறதால மட்டும் டேட்டா அழியாது. ஆனா ரெய்ட் பக்கம் போகும்போது "க்ரியேட் வால்யூம்", "டெலீட்"னு எது கேட்டாலும் எஸ் சொல்லாதீங்க, அழியறது அங்கதான்.

பழைய மோட்ல விண்டோஸ் ஏறினதுக்கு அப்புறம், இல்ல நான் ஏஎச்சிஐக்கே மாறிக்கறேன்னா (தனி ட்ரைவ் வெச்சிருக்கறவங்களுக்கு அதுதான் தொல்லை இல்லாதது, எனக்கு அதுல மாத்துக் கருத்து கிடையாது), வழி சுலபம். எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் டேப்ல "சேஃப் பூட்", "மினிமல்" டிக் பண்ணுங்க. ரீஸ்டார்ட் பண்ணி நேரா பயாஸுக்குப் போய் மோடை மாத்துங்க. சேஃப் மோட்ல விண்டோஸ் எல்லா அடிப்படை ட்ரைவரையும் எழுப்பும், புது கன்ட்ரோலரைப் பார்த்துப் பதிஞ்சு வெச்சுக்கும். உள்ள போனதும் அந்த டிக்கை எடுத்துட்டு மறுபடி ரீஸ்டார்ட், அவ்ளோதான். ஒண்ணு மட்டும், சேஃப் மோட்ல நாலு நம்பர் பின் சில சமயம் வேலை செய்யாது, அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு மொதல்ல உறுதி பண்ணிக்குங்க. இல்லைன்னா வெளிய நிக்க வேண்டியதுதான். பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி) இருந்தா அதையும் முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணணும், அதைப் பத்திக் கீழ ஒருத்தர் கேட்டிருக்கார்.

கேள்வி: எனக்கு நீல ஸ்க்ரீன்கூட வரலை. ஆன் பண்ணா நேரா பயாஸுக்கே போகுது. ஸ்டோரேஜ் பக்கத்துல ட்ரைவ் பேரு, சைஸ் எல்லாம் வருது, பூட் லிஸ்ட்ல மட்டும் இல்லை.

பதில்: ரெண்டுல ஒண்ணு. பழைய மெஷின், பழைய இன்ஸ்டால்னா உங்க டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் முறையில இருக்கும், அதுக்கு சிஎஸ்எம் (பழைய முறையில பூட் ஆக விடற செட்டிங்) ஆன்ல இருக்கணும், அப்டேட் அதை ஆஃப் பண்ணியிருக்கும். ஆன் பண்ணிப் பாருங்க, லிஸ்ட்ல வந்து உட்காரும். ஏறினதும் ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்திக்கறது நல்லது, விண்டோஸ் 10-ல 1703 வெர்ஷன்ல இருந்து அதுக்குன்னே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் கூடவே வருது, டேட்டா அழியாம மாத்தும், இருந்தாலும் பேக்கப் எடுக்காம ஓட்டாதீங்க.

டிஸ்க் ஏற்கெனவே ஜிபிடின்னா, "விண்டோஸ் பூட் மேனேஜர்"ங்கற என்ட்ரி போர்டோட மெமரில இருந்து அழிஞ்சிருக்கு. அந்த என்ட்ரி டிஸ்க்ல இல்ல, போர்டுலதான் இருக்கும், அதனால அப்டேட்ல அடிபடும். விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற யூஎஸ்பில பூட் பண்ணி ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டினா பெரும்பாலும் திரும்ப எழுதிடும். லினக்ஸ்காரங்களுக்கு லைவ் யூஎஸ்பில இஎஃப்ஐ பூட்மேனேஜர் டூல் போதும்.

கேள்வி: நான் பண்ண நினைச்சது பயாஸ் அப்டேட் இல்ல, எஸ்எஸ்டியோட ஃபர்ம்வேர் (ட்ரைவுக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட். கம்பெனி கொடுக்கற சாஃப்ட்வேரைப் போட்டேன், அது "சப்போர்ட் ஆகற ட்ரைவ் எதுவும் இல்லை"ங்குது. அந்த ட்ரைவ்ல இருந்துதான் விண்டோஸே ஓடிக்கிட்டு இருக்கு. அப்டேட் அவசியமா, விட்டுடலாமா?

பதில்: ட்ரைவ் மேலயே உட்கார்ந்துக்கிட்டு ட்ரைவைக் காணோம்ங்குது, கோபம் வர்றது நியாயம்தான். ஆனா காரணம் மேல சொன்னதேதான். ஃபர்ம்வேர் எழுதணும்னா சாஃப்ட்வேர் ட்ரைவோட நேரடியா பேசணும், சாதாரணமா ஃபைல் படிக்கற எழுதற கட்டளை இல்லாம தனிக் கட்டளை அனுப்பணும். நடுவுல ரெய்டோ விஎம்டியோ இருந்தா அது அந்தக் கட்டளையை உள்ள விடாது. யூஎஸ்பி டப்பால போட்டு வெளிய இருந்து இணைச்சாலும் பெரும்பாலும் இதே கதைதான், காப்பி பேஸ்ட் ஜோரா நடக்கும், ஃபர்ம்வேர் மட்டும் ஏறாது. ஏஎச்சிஐக்கு மாத்தற வழியை மேல சொல்லியிருக்கேன். மாத்த மனசில்லைன்னா பல கம்பெனி பூட் ஆகற ஐஎஸ்ஓ ஃபைல் கொடுக்கறாங்க, அதை யூஎஸ்பில எழுதி அதுல இருந்தே கிளம்பி அப்டேட் பண்ணலாம், சிலதுக்கு செக்யூர் பூட்டைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ண வேண்டியிருக்கும், விஎம்டியையும் அந்த நேரத்துக்கு மட்டும் ஆஃப் பண்ணிட்டு விண்டோஸுக்குத் திரும்பறதுக்கு முன்னாடி ஆன் பண்ணிடலாம். லினக்ஸ்ல எஃப்டபிள்யூஅப்டின்னு ஒரு அப்டேட் டூல் இருக்கு, உங்க மாடல் அந்த லிஸ்ட்ல இருந்தா அதுவே போதும்.

அவசியமான்னு கேட்டீங்க. பயாஸ் அப்டேட்டுக்கு நான் "காரணம் இருந்தா பண்ணுங்க"ன்னு சொல்ற ஆளு, எஸ்எஸ்டி ஃபர்ம்வேருக்கு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. 2012-ல க்ரூஷியல் எம்4ன்னு ஒரு எஸ்எஸ்டி, அந்தக் காலத்துல ரொம்ப ஓடின மாடல், மொத்தம் 5,184 மணி நேரம் ஓடி முடிச்சதும் திடீர்னு பதில் சொல்லாம நின்னுடும், மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிக்கும். ட்ரைவ்ல எந்தக் கோளாறும் இல்ல, ஃபர்ம்வேர்ல மணிக்கணக்கு எண்ற எடத்துல பிழை, அப்டேட் போட்டதும் சரியாச்சு. 2019 நவம்பர்ல ஹெச்பிஇ தன்னோட சில சர்வர் எஸ்எஸ்டிகளைப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க, 32,768 மணி நேரம் ஆனா, அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம், ட்ரைவ் செத்துடும், டேட்டா திரும்ப வராதுன்னு. இந்த நம்பரைப் பார்த்ததுமே ப்ரோக்ராம் எழுதறவங்க தலையில அடிச்சுக்குவாங்க, 16 பிட்ல ப்ளஸ் மைனஸோட எண்ணினா 32,767க்கு மேல போக முடியாது. கொடுமை என்னன்னா ஒரே நாள்ல வாங்கி ஒரே நாள்ல ஆன் பண்ண நாலு ட்ரைவும் ஒரே நாள்லதான் போகும், ரெய்ட் போட்டு வெச்சிருந்தும் பிரயோஜனம் இல்லை. 2023-ல சாம்சங் 980 ப்ரோ விஷயமும் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், ட்ரைவ் திடீர்னு படிக்க மட்டும்தான் விடுவேன்னு பூட்டிக்கிச்சு. அங்க முக்கியமான பாடம், முன்னாடியே அப்டேட் போட்டவங்க தப்பிச்சாங்க, பூட்டிக்கிட்டதுக்கு அப்புறம் போட்டவங்களுக்கு ட்ரைவ் திரும்பலை.

அதனால உங்க மாடலுக்கு ஃபர்ம்வேர் வந்திருந்தா அது எதுக்கு வந்திருக்குன்னு படிங்க, டேட்டா போற பிழைன்னா தள்ளிப் போடாதீங்க. பேக்கப் எடுத்துட்டுப் பண்ணுங்கன்னு சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கறேன், ஆனாலும் சொல்லிடறேன், பேக்கப் எடுத்துட்டுப் பண்ணுங்க. அதே ட்ரைவ்லயே இன்னொரு ஃபோல்டர்ல காப்பி பண்றதுக்குப் பேரு பேக்கப் இல்ல.

கேள்வி: பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் 48 இலக்க பிட்லாக்கர் ரிகவரி கீ கேட்குது. நான் எந்த பிட்லாக்கரும் ஆன் பண்ணவே இல்லையே?

பதில்: நீங்க பண்ணலை, விண்டோஸ் பண்ணியிருக்கு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ண நிறைய லேப்டாப்ல "டிவைஸ் என்க்ரிப்ஷன்" தானாவே ஆன் ஆகும், சாவியும் அந்த அக்கவுண்ட்லயே போய் சேவ் ஆகியிருக்கும். வேற போன்லயோ கம்ப்யூட்டர்லயோ அந்த அக்கவுண்ட்ல நுழைஞ்சு ரிகவரி கீ பக்கத்தைப் பாருங்க. ஸ்க்ரீன்ல காட்டற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்தும், அக்கவுண்ட்ல இருக்கற ஐடியும் ஒண்ணா இருக்கற சாவியை எடுத்துக்குங்க, ஒரே அக்கவுண்ட்ல நாலு மெஷின் இருந்தா குழப்பும். ஆபீஸ் மெஷின்னா ஐடி ஆளுங்ககிட்ட இருக்கும்.

ஏன் கேட்குதுன்னா, டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப் பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் எப்படி இருக்குன்னு அளந்து வெச்சுக்கும், அது மாறினா திருட்டுப் பயலா இருக்குமோன்னு சாவியைக் கொடுக்காது. அது தன் வேலையைத்தான் பண்ணுது. அடுத்த தடவை அப்டேட்டுக்கு முன்னாடி கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கருக்குப் போய் "சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன்" கொடுத்துட்டு உடனே அப்டேட்டுக்குப் போங்க, நடுவுல விண்டோஸை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணி ஏத்திட்டீங்கன்னா பாதுகாப்பு தானா திரும்ப ஆன் ஆயிடும்.

ஏஎம்டி ஆளுங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா. அப்டேட்டுக்கு அப்புறம் கறுப்பு ஸ்க்ரீன்ல எஃப்டிபிஎம் (சிபியுக்குள்ளயே இருக்கற டிபிஎம்) மாறியிருக்கு, ரீசெட் பண்ண ஒய், வேண்டாம்னா என் அமுக்குன்னு ஒரு செய்தி வரும். கையில ரிகவரி கீ இல்லாம அவசரத்துல ஒய் அமுக்கிடாதீங்க. ரெண்டு எழுத்துல ஒரு மெஷினையே பூட்டிக்கிட்டவங்க இருக்காங்க.

கேள்வி: புதுசா ஒரு எம்.2 எஸ்எஸ்டி (போர்டுலயே சொருகற சின்ன கார்டு) போட்டேன், பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க் பயாஸ்ல இருந்து மறைஞ்சுடுச்சு. பயாஸ் அப்டேட் பண்ணா ரெண்டும் தெரியுமா?

பதில்: தெரியாது. நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட்டும் ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட்டும் ஒரே லேனை (டேட்டா போற பாதையை) பங்கு போட்டுக்கும், இதுல ஏறினா அது அணைஞ்சுடும். மேனுவல்ல ஒரு டேபிள் இருக்கும், எந்த ஸ்லாட்ல எது போட்டா எந்த போர்ட் போகும்னு. ஹார்ட் டிஸ்கோட ஒயரை வேற போர்ட்ல மாத்திப் போடுங்க, முடிஞ்சது.

நேர்மாறா, எம்.2 கார்டே தெரியலைன்னு கேட்கறவங்க அதை ஸ்லாட்ல இருந்து கழட்டி அதோட தங்கக் கலர் பல்லைப் பாருங்க. ஒரு வெட்டு மட்டும் இருந்தா பொதுவா என்விஎம்இ, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு வெட்டு இருந்தா பொதுவா சாட்டா வகை. பார்க்க ரெண்டும் ஒரே சைஸ், ஒரே ஸ்க்ரூ. ஸ்லாட் பிசிஐஇ (என்விஎம்இ ட்ரைவ் பேசற வழி) மட்டும்தான்னு இருந்தா சாட்டா வகை கார்டு அதுல அழகா உட்காரும், ஆனா எந்த பயாஸ் வந்தாலும் தெரியாது. திரும்பக் கொடுத்துட்டு வேற வாங்கறதுதான் வழி.

கேள்வி: கரண்ட் ப்ளக்கைப் பிடுங்கினா ஒவ்வொரு தடவையும் ட்ரைவ் செட்டிங் மாறிப் போகுது, தேதியும் பழைய வருஷத்துக்குப் போயிடுது. ஃபர்ம்வேர் கோளாறா?

பதில்: பேட்டரி. போர்டுல காசு சைஸ்ல சிஆர்2032ன்னு ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், அதை மாத்துங்க. புது போர்டுகள்ல செட்டிங் ஃப்ளாஷ்லயே பதிஞ்சுடும், தேதி மட்டும்தான் போகும், உங்களுது பழைய போர்டா இருக்கணும். மாத்தினதும் சாட்டா மோடை சரி பண்ணிட்டுத்தான் விண்டோஸை ஏத்தணும்.

கேள்வி: ரெண்டு டிஸ்க் ரெய்ட்ல வெச்சிருந்தேன். பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் விண்டோஸ் ஏறுது (அது தனி எஸ்எஸ்டில இருக்கு), ஆனா ரெய்ட் வால்யூமைக் காணோம், டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தா "டிஸ்கை இனிஷியலைஸ் பண்ணணும்"னு பாக்ஸ் வருது. ஓகே கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கேன்சல் கொடுங்க, மூடுங்க, மெஷினை ஆஃப் பண்ணுங்க.

ரெய்டோட விவரம், எந்த டிஸ்க் முதல்ல, எந்த டிஸ்க் அடுத்துன்னு எல்லாம், போர்டுல இல்ல, அந்த டிஸ்குகள்லயே ஒரு ஓரத்துல எழுதியிருக்கும். மோட் ஏஎச்சிஐக்கு மாறினதால ரெண்டும் தனித்தனியா தெரியுது, விண்டோஸுக்கு ஒண்ணும் புரியலை, காலி டிஸ்குன்னு நினைச்சு இனிஷியலைஸ் கேட்குது. பயாஸ்ல மோடை மறுபடி ரெய்டுக்கு மாத்துங்க, வால்யூம் பழையபடி பேரோட வந்து நிக்கும். எஸ்எஸ்டில இருக்கற விண்டோஸ் அதுக்கு முன்னாடியும் அந்த மோட்லதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதனால பெரும்பாலும் சண்டை போடாம ஏறும், இல்லைன்னா சேஃப் பூட் வழி இருக்கவே இருக்கு. ரெய்ட் மெனுக்குள்ள போனீங்கன்னா பார்க்க மட்டும் பாருங்க, "ரீசெட் டு நான் ரெய்ட்"ங்கற வரி பக்கம் கர்சரைக்கூடக் கொண்டு போகாதீங்க.

கேள்வி: அப்டேட் ஃபைலை யூஎஸ்பில போட்டு வெச்சிருக்கேன், பயாஸோட அப்டேட் டூல் அந்த யூஎஸ்பியையே காட்ட மாட்டேங்குது.

பதில்: ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணுங்க. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் ரெண்டும் பல போர்டுக்குப் புரியாது. டவுன்லோட் பண்ணது ஜிப் ஃபைல்னா பிரிச்சு உள்ள இருக்கறதைப் போடுங்க. பின்னாடி இருக்கற ஃப்ளாஷ்பேக் பட்டன் வழியா பண்றவங்க மேனுவல் சொல்ற பேருக்கு ஃபைலை ரீநேம் பண்ணணும், அதுக்குன்னு குறிச்ச யூஎஸ்பி போர்ட்லதான் குத்தணும்.

கேள்வி: எல்லாம் நல்லா ஓடுது. ஆனாலும் அப்டேட் பண்ணணுமா?

பதில்: புது நம்பர் வந்திருக்குங்கறதுக்காக மட்டும் வேண்டாம். சேஞ்ச்லாக்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, "சிஸ்டம் ஸ்டெபிலிட்டி மேம்படுத்தப்பட்டது"ன்னு ஒரே வரி இருந்தா எனக்கு அவசரம் வராது. ஆனா சிலது கட்டாயம். இன்டெல் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வெச்சிருக்கறவங்க, 2024 ஆகஸ்டுக்கு அப்புறம் வந்த பயாஸ் போட்டே ஆகணும், சிபியு தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டுத் தானே கெட்டுப் போறதைத் தடுக்கற மைக்ரோகோட் (சிபியுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அதுலதான் வருது, அதுவும் ஏற்கெனவே கெட்டதை சரி பண்ணாது. ஏஎம்டியோட ஏஎம்5 போர்டுக்காரங்களுக்கு 2023-ல அதே மாதிரி வோல்டேஜுக்குக் கட்டுப்பாடு வெச்ச பயாஸ் வந்துச்சு. அதே 2023 டிசம்பர்ல லோகோஃபெயில்னு, பூட் ஆகும்போது காட்டற கம்பெனி லோகோ படம் வழியாவே உள்ள நுழையற ஓட்டை வெளிய வந்துச்சு, அதுக்கும் மருந்து பயாஸ் அப்டேட்தான்.

கேள்வி: அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா?

பதில்: போர்டு எழுந்திருக்காம போகலாம், டிஸ்க்ல இருக்கற டேட்டாவுக்கு எதுவும் ஆகாது. யூபிஎஸ் இருந்தா அதுல மாட்டிப் பண்ணுங்க, லேப்டாப்னா சார்ஜரையும் மாட்டணும், பேட்டரியும் நல்லா ஏறியிருக்கணும், பல லேப்டாப்ல இல்லைன்னா அப்டேட்டே ஆரம்பிக்காது. போனதுக்கு அப்புறம்னா, ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கற போர்டு சிபியுவே இல்லாமகூட யூஎஸ்பில இருந்து தன்னைத்தானே எழுதிக்கும், ரெண்டு பயாஸ் சிப் இருக்கற போர்டு அடுத்த சிப்ல கிளம்பும். ரெண்டும் இல்லைன்னா சர்வீஸ்ல அந்த எட்டுக் கால் சிப்பை க்ளிப் போட்டுப் பிடிச்சு ப்ரோக்ராமர்ல எழுதித் தருவாங்க. கொண்டு போறதுக்கு முன்னாடி ட்ரைவைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டுப் போங்க, அவங்களுக்கு அது தேவையே இல்லை.